சிட்னி ஹைட் பார்க்கில் உள்ள எம்டன் பீரங்கி: சென்னையைச் சுட்டது இதுதானா? வெட்டவெளியில் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

மெரினா_காற்று (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. சிட்னி ஹைட் பார்க்கின் தென்கிழக்கு மூலையில், ஆக்ஸ்ஃபோர்டு தெரு, காலேஜ் தெரு, லிவர்பூல் தெரு மூன்றும் கூடுகிற இடத்தில், கல் பீடத்தின் மேல் ஒரு கப்பல் பீரங்கி நிற்கிறது. முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனிலிருந்து எடுத்து வந்தது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதே எம்டன்தான்.

மூன்று கேள்விகள்:

1. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டது இந்தப் பீரங்கிதான் என்று சொல்லலாமா?
2. நேரில் போய்ப் பார்க்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? தூரத்திலிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்த ஒரு இரும்புக் குழாய் போலத்தான் தெரிகிறது.
3. நூறு வருஷத்துக்கு மேல் மழை, வெயில், கடற்காற்று. எஃகை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? எங்கள் பகுதியில் வெளியில் கிடக்கும் ஒரு பழைய பீரங்கிக்கும் பெயின்ட் அடிக்கலாம் என்று பேச்சு. அதையும் மனதில் வைத்துப் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நாற்பது_காலிபர்

முதல் கேள்விக்கு என் பதில்: "சென்னையைச் சுட்ட கப்பலின் பீரங்கி" என்று தாராளமாகச் சொல்லலாம். "சென்னையைச் சுட்ட பீரங்கி" என்று சொல்லக் கூடாது.

எம்டனில் மொத்தம் பத்து பீரங்கிகள். எல்லாம் ஒரே ரகம், 10.5 சென்டிமீட்டர் எஸ்.கே. எல்/40. முன்தளத்தில் இரண்டு அக்கம்பக்கமாக, பின்தளத்தில் இரண்டு அக்கம்பக்கமாக, நடுவில் பக்கத்துக்கு மூன்று. இந்த அமைப்பில் கப்பலின் ஒரு பக்கமாகச் சுட்டால் ஐந்துதான் வேலை செய்யும், மற்ற ஐந்தும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். பிற்பாடு சிதைந்த கப்பலிலிருந்து கழற்றி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தவை மூன்று. ஒன்று ஹைட் பார்க்கில், ஒன்று கான்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில், ஒன்று சிட்னி கார்டன் ஐலண்டில் கடற்படையின் பாரம்பரிய மையத்தில். இந்த மூன்றில் எது அந்த இரவு கரையைப் பார்த்த பக்கத்தில் இருந்தது என்பதைப் பீரங்கியின் வரிசை எண்ணை வைத்துத்தான் பேச முடியும். ஊகத்தை வைத்துப் பேசினால் அது கதைதான்.

சென்னைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். அன்று சுட்டது சுமார் 125 குண்டுகள். இந்த ரகப் பீரங்கி நிமிடத்துக்கு 15 குண்டு வரை சுடும். ஐந்து பீரங்கியும் முழு வேகத்தில் இயங்கியிருந்தால் 125 குண்டு இரண்டே நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. தேடொளி விளக்கை அடித்து பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கண்டுபிடித்து, குறி பார்த்து நிதானமாகச் சுட்டார்கள். காரணம் எளிது. கப்பலில் இருந்த குண்டுகள் சுமார் 1,500. தீர்ந்தால் நிரப்பிக்கொள்ள இந்தியப் பெருங்கடலில் அவர்களுக்கு ஒரு துறைமுகமும் கிடையாது. அந்த ஓர் இரவில் கையிருப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அதற்குமேல் நிற்காமல் கிளம்பியதில் வியப்பில்லை.

இரண்டாவது கேள்வி. பெயரிலிருந்தே ஆரம்பியுங்கள். 10.5 என்பது குழல்வாயின் உள்விட்டம். எஸ்.கே. என்பது விரைவாகக் குண்டேற்றும் பீரங்கி என்பதற்கான ஜெர்மன் சுருக்கம். எல்/40 என்றால் நீளம் அந்த விட்டத்தைப் போல் நாற்பது மடங்கு, அதாவது 4.2 மீட்டர். குழல் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை. குழல்வாய் பக்கம் போய் நின்று உள்ளே பாருங்கள். சுருள்சுருளாகப் போகும் மரைக் கோடுகள்தான் குண்டைச் சுழலவிட்டு நேராகப் போக வைப்பவை. மழைநீர் அதிகம் தேங்கிய குழலில் கீழ்ப்பாதி மரை முதலில் அழியும், மேல்பாதி கூர்மையாக நிற்கும்.

அடுத்து பின்பக்கம். ஜெர்மன் பீரங்கி நிறுவனமான க்ருப்பின் பாணிப் பீரங்கி இது. பின்முனையை அடைப்பது பக்கவாட்டில் நகரும் ஒரு கனமான எஃகு ஆப்பு. குண்டும் வெடிமருந்தும் ஒரே தோட்டாவாக, பித்தளை உறையோடு வரும். சுடும்போது அந்தப் பித்தளை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் வாயு பின்னால் கசியாது. இதை எம்டனை எதிர்த்துச் சண்டையிட்ட ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியின் 6 அங்குலப் பீரங்கிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றில் மருந்து துணிப் பையில் வரும், பின்முனை மரையிட்ட மூடி. எம்டனின் குண்டு 16–17 கிலோ, சிட்னியின் குண்டு 45 கிலோ. 1914 நவம்பர் 9 காலை கோகோஸ் தீவுகளுக்கு அருகே நடந்த சண்டையின் முடிவு பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

பெரும்பாலும்தான், முழுவதும் அல்ல. இந்தச் சின்னப் பீரங்கியைக் குழலை 30 பாகை உயர்த்திச் சுட்டால் 12,200 மீட்டர் போகும். எம்டன் சுமார் 9,500 மீட்டரிலேயே சுடத் தொடங்கியது. இவ்வளவு தூரம் வரும் என்று சிட்னியின் கேப்டன் ஜான் கிளாசப் எதிர்பார்க்கவில்லை. முதல் சில நிமிடங்களில் விழுந்த குண்டுகள் சிட்னியின் தூரம் கணிக்கும் கருவியைக் காலி செய்தன. அதன்பின் சிட்னி தன் வேகத்தைப் பயன்படுத்தி விலகி நின்று அடித்தது. எம்டனில் அந்த நேரம் ஆள் பற்றாக்குறை வேறு: தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேர் கரைக்குப் போயிருந்தார்கள், அவர்களில் தேர்ந்த பீரங்கிக்காரர்களும் உண்டு. எம்டன் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றபோது அதில் 134 பேர் இறந்திருந்தார்கள் அல்லது இறக்கும் நிலையில் இருந்தார்கள். சிட்னியில் 4 பேர்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உலோகத்தில் பள்ளம் தெரிந்தால் உடனே "குண்டுத் தழும்பு" என்று முடிவு கட்டாதீர்கள். குண்டுச் சிதறல் பட்ட இடத்தில் பள்ளம் ஒரு திசையில் இழுபட்டிருக்கும், ஓரத்தில் உலோகம் பிதுங்கி உதடு போல நிற்கும். துருக்குழி வட்டமாக இருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும், பக்கத்திலேயே அதே மாதிரி பத்து குழி இருக்கும். பல அடுக்கு பெயின்டுக்குக் கீழேயும் இந்த வேறுபாடு தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் குழலோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். செதுக்கிய எண்களும் எழுத்துகளும் அப்போதுதான் எழுந்து நிற்கும். சுண்ணக்கட்டியோ பென்சிலோ வைத்துத் தேய்க்க வேண்டாம்.

---

இரும்பு_வைத்தியர்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. ஹைட் பார்க்கில் இருப்பது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து எஃகு. உங்கள் பகுதியில் கிடப்பது முன்வாய் வழியாக மருந்து இடிக்கும் பழைய ரகமாக இருந்தால் அது அநேகமாக வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வார்ப்பிரும்பு நெடுங்காலம் உப்பில் ஊறினால் இரும்பு கரைந்துபோய், அதிலிருந்த கரி மட்டும் வடிவம் மாறாமல் நிற்கும். பார்க்க முழுசாக இருக்கும், கத்தியால் கீறினால் பென்சில் முனை மாதிரி வரும். அரச முத்திரை, எடை எண் எல்லாம் அந்த மெல்லிய கரித்தோலில்தான் இருக்கும். அதன்மேல் மணல் பீச்சியடித்தால் ஒரே நிமிடத்தில் வரலாறு தரையில் கொட்டிவிடும். கடலுக்கடியிலிருந்து எடுத்த வார்ப்பிரும்பு என்றால் காயவே விடக் கூடாது. காரக் கரைசலில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். அது ஆய்வுக்கூட வேலை, பெயின்டர் வேலை இல்லை.

இப்போது எஃகுப் பீரங்கி.

எம்டன் பீரங்கிகளின் சிக்கல் அவை நிற்கும் இடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாறையில் ஏறிய கப்பலில் ஏறத்தாழ மூன்று வருடம் அலைத் தூவலில் நனைந்து நனைந்து காய்ந்தவை. கடல்நீரின் குளோரைடு துருவுக்குள் புகுந்து உலோகத்தை ஒட்டி உட்காரும். அது செலவாகி முடிவதில்லை. துருவை உண்டாக்கிவிட்டு விடுபட்டு அடுத்த துருவை உண்டாக்கும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் கீழே வேலை நடக்கும். ஆறு மாதத்தில் பெயின்டில் கொப்புளம் வருகிறது, குத்தினால் மஞ்சள் நீர் வருகிறது என்றால் பெயின்டைக் குறை சொல்லாதீர்கள். உப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

வேலைக்கு முன் மூன்று சோதனை கட்டாயம். ஒன்று, குழலும் பின்அறையும் காலியா என்று வெடிபொருள் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு, பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, முகமூடியும் கீழே விரிப்பும் வேண்டும், சுரண்டல் தூளை மண்ணில் விடக் கூடாது. மூன்று, தெரியாத ஒரு மூலையில் நகமளவு இடத்தில் பெயின்டை அடுக்கடுக்காக உரித்து, எத்தனை அடுக்கு, என்ன நிறம் என்று படம் எடுத்து எழுதி வைக்க வேண்டும். அடிப்பக்கத்தில் இருக்கும் நிறம் கப்பலில் அடித்ததாகக்கூட இருக்கலாம். ஒரு தடவை முழுவதும் சுரண்டிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அதன்பின் வரிசை இப்படி. தளர்ந்த துருவை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவ வேண்டும், கிணற்று உப்புத்தண்ணீர் உதவாது. காயவைத்து ஒட்டுப்பட்டைச் சோதனையில் (பரப்பில் ஒரு பட்டையை ஒட்டி, அதற்குள் நீர் விட்டு, கரையும் உப்பைக் கணக்கிடுவது) உப்பை அளக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் மறுபடி கழுவ வேண்டும். கடலோரமாக இருந்தால் 20க்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் நான் பெயின்ட் டப்பாவைத் திறக்கச் சொல்வேன். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பாதிக்கு மேற்பட்ட தோல்விகளுக்கு வேர் இங்கேதான்.

சொரசொரப்பான பரப்புகளை மென்மையான துகளால், குறைந்த அழுத்தத்தில் சுத்தம் செய்யலாம். எண் செதுக்கிய இடம், பின்முனை ஆப்பின் இழைத்த முகம், கைச்சக்கர அச்சு, பித்தளை, வெண்கலப் பாகங்கள் இவற்றை மூடிக் கட்டிவிட்டுக் கையால் செய்ய வேண்டும். சுத்தமான எஃகு நாலு மணி நேரத்துக்குள் பிரைமரைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் செம்பழுப்பாகப் பூத்துவிடும். துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் 60–75 மைக்ரான், அதன்மேல் எபாக்சி 100–125, கடைசியாக வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன் 50–75. மொத்தம் 250 மைக்ரான் அளவில் வரும். எபாக்சியோடு நிறுத்திவிட்டால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி பொடிந்து வெளுக்கும். போல்ட் தலை, விளிம்பு, மூலைகளில் பெயின்ட் தானாகவே விலகி மெலிந்துபோகும் என்பதால் அங்கெல்லாம் ஒவ்வொரு கோட்டுக்கும் முன் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை இழுக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ அன்று வேலை வேண்டாம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையை மறந்துவிடுங்கள்.

இழைத்த பாகங்களுக்குப் பெயின்ட் வேண்டாம். மெழுகு போதும், மைக்ரோகிரிஸ்டலைன் வகை. பின்அறைக்குள் கம்பளிக் கொழுப்பு கிரீஸ். பெயின்ட் அடித்தால் ஆப்பு ஒட்டிக்கொண்டு இனி எப்போதும் திறக்காது, எண்களும் நிரம்பிப்போகும். வெண்கலம் எஃகைத் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் எஃகுதான் தேயும், வெண்கலம் பளிச்சென்று நிற்கும். பார்ப்பவர்கள் வெண்கலத்தைத் தேய்த்துக்கொண்டு, பக்கத்தில் சாகும் எஃகைக் கவனிக்காமல் விடுவது வழக்கம்.

கல் பீடம் தனி விஷயம். பீரங்கியிலிருந்து வடியும் துருநீர் கல்லில் செங்கோடு போடும். அதை எடுக்க ஆசிட் ஊற்றுவது மிகப் பெரிய தவறு. கறை போகும், கல்லின் பிணைப்பும் போகும், ஆவி இரும்பில் பட்டுப் புதிய துரு கிளம்பும். சிட்ரேட் கரைசலைக் களிமண்ணிலோ பஞ்சிலோ குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு நாள் கழித்து எடுத்துக் கழுவ வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். ஆனால் மேலே நீர் எங்கிருந்து வடிகிறது என்று அடைக்காமல் கீழே கறையைத் துடைப்பதில் பயனில்லை. அநேகமாக இரும்புத் தாங்கி கல்லில் உட்காரும் வளையத்திலும், நங்கூர போல்ட்டுகளைச் சுற்றியும்தான் நீர் தங்கும். அந்தப் போல்ட்டுகள் துருத்துப் பெருத்தால் கல்லையே பிளந்துவிடும்.

---

பாரிமுனை

மேலே சொன்னவை அருமை. சென்னைப் பக்கம் அடிக்கடி வரும் இரண்டு தவறுகளை மட்டும் சரிசெய்கிறேன்.

எம்டன் நீர்மூழ்கி இல்லை. தமிழில் இன்னும் பலர் அப்படி எழுதுகிறார்கள். அது மூன்று புகைபோக்கி கொண்ட லைட் குரூசர் வகைப் போர்க்கப்பல், 1908இல் டான்சிக்கில் வெள்ளோட்டம் விடப்பட்டது. பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரிவதற்காக நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கி கட்டிக்கொண்டு திரிந்தது. அந்த வேஷத்தில்தான் அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யாவின் ஷெம்சுக் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்பதும் நிற்காத கதை. கப்பல் 1914 ஜூலை கடைசியில் சீனாவின் சிங்தாவிலிருந்து கிளம்பியது, பிறகு ஐரோப்பாப் பக்கமே போகவில்லை. அவர் அந்த மாதங்களில் ஐரோப்பாவில் இருந்தார். அவருடைய பணிக்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை.

சென்னையில் பார்க்க வேண்டியவை: உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் குண்டின் சிதறல். கலங்கரை விளக்கம் அந்தக் காலத்தில் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில்தான் இருந்தது, சுவரின் முன் நிற்கும்போது அதையும் நிமிர்ந்து பாருங்கள்.

சிட்னிக்குப் போகிறவர்கள் பீரங்கியோடு திரும்ப வேண்டாம். எம்டனை வீழ்த்திய ஹெச்.எம்.ஏ.எஸ். சிட்னி கப்பல் உடைக்கப்பட்டபின் அதன் கொடிமரம் பிராட்லீஸ் ஹெட் முனையில் நடப்பட்டது. அதன் முன்மூக்கு ஹார்பர் பாலத்தின் வடகரையில் கடல்சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பீரங்கி 1917 டிசம்பரில் நிறுவப்பட்டபோது அது வெற்றிப்பொருள்தான், நினைவுச்சின்னம் என்ற எண்ணம் பின்னால் வந்தது. கட்டாய ராணுவச் சேவைக்கான இரண்டாம் வாக்கெடுப்பு அதே மாதம்தான் ஆஸ்திரேலியாவில் தோற்றது. போரில் மக்கள் சோர்ந்திருந்த வேளையில் மூன்று வருடத்துக்கு முந்தைய வெற்றியை அவர்கள் கண்முன் கொண்டுவந்து வைத்தார்கள். அதே பூங்காவில் போரில் இறந்த வீரர்களுக்கான அன்சாக் நினைவகம் 1934இல்தான் திறந்தது. ஆகவே இரண்டையும் பார்க்கும்போது ஒரே வகை நினைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பீரங்கி எதிரியிடமிருந்து பறித்ததைக் காட்டுகிறது. நினைவகம் இழந்ததைக் காட்டுகிறது. அந்தக் குழலுக்குப் பக்கத்தில் நின்று இறந்தவர்களும் மாலுமிகள்தான் என்பதை நினைக்க இப்போது நமக்கு அவகாசம் இருக்கிறது.

---

மெரினா_காற்று

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உள்ளூர்ப் பீரங்கி வார்ப்பிரும்புதான் போலிருக்கிறது, முன்வாய் ரகம். மணல் பீச்சும் பேச்சை நிறுத்தச் சொல்கிறேன். இன்னொரு யோசனையும் சொல்கிறார்கள்: வாய்க்குள் குப்பை போடுகிறார்கள், அதனால் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று. செய்யலாமா?

---

இரும்பு_வைத்தியர்

வேண்டவே வேண்டாம். சிமென்ட் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் இரும்பும் சிமென்டும் ஒரே அளவில் நிற்காமல் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. வெளியே தெரியாமல் குழல் உள்ளிருந்து அரிக்கும். பிறகு அதை உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்போது வாயின் விளிம்பும் உடையும். மரத்தக்கையும் வேண்டாம், ஊறிப் பெருத்து இறுகிவிடும்.

துளையைவிட 5 மில்லிமீட்டர் சிறிய விட்டத்தில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் வட்டு வெட்டிக்கொள்ளுங்கள், பாலிஎத்திலீன் போதும். சுற்றிலும் ரப்பர் வளையம். வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வையுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் கருப்பாகத் தெரியும். வட்டின் அடிப்பக்கத்தில் 10 மில்லிமீட்டர் துளை ஒன்று விடுங்கள், உள்ளே வியர்க்கும் நீர் வடிய. பூச்சி போகாமல் அதில் துருப்பிடிக்காத எஃகு வலை. முடிந்தால் குழலை வாய்ப்பக்கம் இரண்டு பாகை தாழ்த்தி வையுங்கள், நீர் தானாக வெளியேறும். தீத்துளையையும் மறக்காதீர்கள், பின்பக்கம் மேலே இருக்கும் சின்ன ஓட்டை. மழைநீர் முக்கால்வாசி அந்த வழியாகத்தான் இறங்கும். அதற்கு மெழுகும் மேலே ஒரு சின்ன ஈயமில்லாத தகட்டு மூடியும் போதும். சித்திரையில் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கழற்றிப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்தால் ஒரு வாரம் திறந்து வைத்துக் காயவிட்டு மறுபடி மூடுங்கள்.